பன்னிரண்டு நாற்பது ரயில் அன்று தாமதமா?

சிவமயம்

ரஹாங், சிரம்பான்.
பொங்கல் கழிந்த மூன்றாம் நாள், காலை.

பாசத்துக்குரிய அக்கா ரதி அவர்களின் சமூகத்துக்கு, உடன்பிறந்த தம்பி ஆறுமுகம் கைகட்டி நின்று எழுதுவது என்னவென்றால்: இங்கே நானும் என் சர்க்கரை வியாதியும் வலது முழங்காலும் ஒருவரையொருவர் அனுசரித்து நாளை ஓட்டி வருகிறோம். அங்கே ஈப்போவில் தாங்களும், தங்கள் மகனும் மருமகளும், தாங்கள் யாருக்கும் ஒரு கொத்துகூடக் கிள்ளிக் கொடுக்காத அந்தக் கறிவேப்பிலை மரமும் சௌக்கியமாக இருக்க மாரியம்மனைக் கேட்டுக்கொள்கிறேன்.

மரியாதை இத்தோடு போதும் அக்கா. சந்தோஷத்தில் கை நிற்கவில்லை, பேனா எங்கேயோ ஓடுகிறது, இனிமேல் நீ, வா, போ தான். எனக்குக் கல்யாணம்! ஆமாம், எனக்குத்தான், அறுபத்தோரு வயது ஆறுமுகத்துக்குத்தான். இதைப் போனில் சொல்லலாம் என்று போன வாரம் கூப்பிட்டேன். நீ காது மெஷினைக் கழற்றி எங்கேயோ வைத்துவிட்டு, "சரி சரி, சந்தோசம், நல்லா இரு" என்று போனை வைத்துவிட்டாய். நான் அதுவரைக்கும் 'ஹலோ' மட்டும்தான் சொல்லியிருந்தேன். அதனால்தான் கடிதம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படி, ஏனென்றால் என் கல்யாணம் இப்போது ஒரு ரயிலில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அந்த ரயில் ஓடி அறுபத்தோரு வருஷம் ஆகிறது. அது அன்றைக்குச் சரியான நேரத்துக்கு வந்ததா, தாமதமாக வந்ததா என்று சொல்ல உலகத்தில் உயிரோடு இருக்கிற ஒரே ஆள் நீதான்.

முதலிலிருந்து சொல்கிறேன். பள்ளிக்கூட பஸ் ஓட்டுவதை விட்டு ஒரு வருஷம் ஆயிற்று. காலை ஐந்து மணிக்கு எழுந்து குளித்துச் சட்டை மாட்டி, ஏற்றப் பிள்ளைகளும் இல்லாமல் ஓட்ட பஸ்ஸும் இல்லாமல் வாசலில் நிற்கிறவன் நிலைமை உனக்குத் தெரியாது. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை லோபாக் பக்கம் நடந்துபோனபோது, பழைய சாமான் விற்கிற ஒருவன் கீழே விரித்திருந்த பிளாஸ்டிக் விரிப்பில், ஓட்டை ரேடியோவுக்கும் ஒற்றைச் செருப்புக்கும் நடுவில் ஒரு புத்தகம் கிடந்தது. ரயில் கால அட்டவணை, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நான்கு. நான் பிறந்த வருஷம்! சும்மா விடுவேனா, வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து புரட்டினால், எந்த ரயில் எத்தனை மணிக்கு எங்கே நிற்கும், எங்கே தண்ணீர் பிடிக்கும், எதில் சாப்பாட்டுப் பெட்டி உண்டு, எல்லாம் பொடி எழுத்தில் இருக்கிறது. நாற்பத்தோராம் பக்கத்தில், அக்கா, நம்ம ரயில்! சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்குப் போன கிளை ரயில், கோலா சாவா பக்கம் நம்ம கெலாடி தோட்டத்து லயத்து வீட்டுக்குப் பின்னாடி ஓடியதே, அதே ரயில். எனக்கு ஐந்து வயதில் நாம் தோட்டத்தை விட்டு வந்துவிட்டோம், எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. ஆனால் அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் என்னால் உட்காரவே முடியவில்லை.

மறுநாள் காலையில் சிரம்பான் ஸ்டேஷனுக்குப் போய் வரிசையில் நின்றேன். இப்போது ஸ்டேஷன் எப்படி இருக்கிறது தெரியுமா? மின்சார ரயில் ஜொகூர்வரைக்கும் போகிறது, டிக்கெட் போனுக்குள்ளே இருக்கிறது, பலகையில் எழுத்து தானாக மாறுகிறது. நான் புத்தகத்தைக் கவுண்டரில் விரித்து வைத்து, "மத்தியானம் போர்ட்டிக்சன் வண்டிக்கு ஒண்ணு" என்றேன். கவுண்டரில் இருந்த பிள்ளை, அல்ஃபியா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது, நம்ம தமிழ் முஸ்லிம் பிள்ளை, புத்தகத்தைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. "அங்கிள், அந்த லைன்ல இப்போ ரயிலே இல்ல அங்கிள். பஸ்ஸு இருக்கு" என்றது மெதுவாக. "புத்தகத்துல போட்டிருக்கேம்மா" என்றேன். எனக்குத் தெரியாதா ரயில் இல்லை என்று? சும்மா ஒரு ஆசை, கேட்டுப் பார்த்தேன் லா! எனக்குப் பின்னால் பதினைந்து பேர் பெருமூச்சு விட்டார்கள். அதில் ஒருவர் மட்டும் சிரித்தார்.

சிரித்தவர்தான் சரோஜினிதேவி அம்மையார். வயது ஐம்பத்தேழு. லோபாக்கில் அண்ணனோடு இருக்கிறார். சிலோன் குடும்பம், இவர் நில அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இவருடைய அப்பா ரயில்வேயில் கிளார்க்காக இருந்து காலமானவர். "அந்தப் புத்தகத்தை ஒருக்கா தாங்கோ" என்று வாங்கி, முதல் அட்டையைத் திருப்பி, அப்படியே நின்றுவிட்டார். "இது எங்கட அப்பாவின்ர கையெழுத்து. அண்ணா போன மாசம் பழைய பேப்பர் லாரிக்குத் தூக்கிக் குடுத்திட்டார். நான் எவ்வளவு தேடினேன் தெரியுமோ" என்றார். கண் கலங்கிவிட்டது. நான் "இந்தாங்க, உங்களுதுதான், எடுத்துக்குங்க" என்று நீட்டினேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "நீங்க முழுக்கப் படிச்சிட்டுத் தாங்கோ."

தொண்ணூற்றாறு பக்க ரயில் அட்டவணை, அக்கா. நான் அதைப் படித்து முடிக்கப் பதினோரு வாரம் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு சந்தேகத்தோடு லோபாக் போவேன். ரயில் அட்டவணையில் என்ன சந்தேகம் வரும் என்று கேட்காதே, வரவழைத்தால் வரும். 'சனிக்கிழமை தவிர' என்று சின்னப் பூ போட்டிருக்கிறதே, அது ஏன்? இந்த வண்டி இங்கே ஏழு நிமிஷம் நிற்கிறதே, அது எதற்கு? அவர் வடை சுட்டு வைத்து விளக்கம் சொல்வார். பிறகு அந்தப் பழைய அட்டவணையில் இருக்கிற ஊர்களுக்கெல்லாம் இப்போதைய ரயிலில் போய்ப் பார்ப்பதென்று முடிவு செய்தோம். ரெம்பாவ், தம்பின், கிம்மாஸ் என்று ஒவ்வொன்றாக. இப்போது ரயில் எல்லாம் போட்ட நிமிஷத்துக்குப் புறப்படுகிறது அக்கா, இதை நான் அனுபவித்துத் தெரிந்துகொண்டேன். ரயில் என்றால் எப்படியும் பத்து நிமிஷம் நிற்கும் என்ற பழைய நினைப்பில், அவரை ரயிலில் உட்காரவைத்துவிட்டு இரண்டு பொட்டலம் டீ கட்டி வாங்கப் போனேன். திரும்பி வந்தால் கண்ணாடிக் கதவு மூடிவிட்டது, உள்ளே அவர், வெளியே நான், கையில் டீ, ரயில் கிம்மாஸுக்குப் போய்விட்டது. அவர் தனியாகப் போய் அடுத்த வண்டியில் திரும்பி வரும்வரைக்கும் நான் பிளாட்பாரத்துப் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தேன். வந்தவர் திட்டவில்லை. "டீ ஆறிப்போச்சோ?" என்று மட்டும் கேட்டு, ஆறின டீயை வாங்கிக் குடித்தார். அந்த நிமிஷமே இவரைத்தான் கட்டிக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டேன். அப்புறம் கேட்டேன், அவரும் தலையாட்டினார். "அண்ணா மனம் நோகாமல் நடந்தால் நல்லம்" என்று ஒரு வார்த்தையும் சேர்த்துக்கொண்டார். அந்த ஒரு வார்த்தையில்தான் நான் இப்போது மாட்டிக்கொண்டு முழிக்கிறேன்.

அண்ணன் பெயர் மகாலிங்கம். வங்கியில் அதிகாரியாக இருந்தவர், மனைவி காலமாகிவிட்டார், வயது எழுபது. வீட்டுக்குள்ளேயும் மேல் பொத்தான்வரைக்கும் போட்டிருப்பார். அவரிடம் ஒரு நீலக் கோப்பு இருக்கிறது, சரோவுக்கு (இனிமேல் சரோ என்றே எழுதுகிறேன், நீ கண்டுகொள்ளாதே) வந்த வரன்கள் எல்லாம் அதில் வரிசையாக இருக்கின்றன. மொத்தம் பதினொன்று, எல்லாவற்றிலும் சிவப்புக் கோடு. ஏனென்றால் சரோவுக்குச் செவ்வாய் தோஷம், ஏழாம் இடத்தில் செவ்வாய். தோஷ ஜாதகத்துக்குத் தோஷ ஜாதகம்தான் சேர்க்கவேண்டும், அது கிடைக்கவே இல்லை. நான் போய் உட்கார்ந்ததும் கேட்டார்: "ஆறுமுகம், உம்முடைய ஜாதகம் எங்கே?" இல்லை என்றேன். "அப்ப எழுதுவியும். பிறந்த நேரம் சொல்லும்." நான் விடுவேனா, "அண்ணே, அறுபது வயசுக்கு மேல பொருத்தம் பார்த்து என்ன பண்ணப் போறோம், புத்திர பாக்கியமா பார்க்கப் போறோம்?" என்றேன். சமையலறையில் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. அவர் முகம் மாறவே இல்லை. "நேரம் சொல்லும்" என்றார் மறுபடியும்.

சரி, நேரம்தானே, பிறப்புச் சூராவில், அதுதான் பிறப்புப் பத்திரத்தில், இருக்குமே என்று தகரப் பெட்டியைக் கிளறி எடுத்தேன். காலை ஒன்பது மணி என்று போட்டிருந்தது. சந்தோஷமாகக் கொண்டுபோனேன். மகாலிங்கம் அண்ணன் சும்மா ஒரு கேள்வி கேட்டார், "உம்மட அக்காவுக்கு?" உனக்கும் ஒன்பது மணி. நம்ம சின்ன அத்தைக்கும் ஒன்பது மணி. கெலாடி தோட்டத்தில் பிறந்த யாரைக் கேட்டாலும் ஒன்பது மணி! அப்புறம்தான் விளங்கியது, கிராணி ஐயா ஆபீசைத் திறக்கிற நேரம் ஒன்பது, நம்ம அப்பாமார்கள் போய்ப் பிள்ளை பிறந்திருக்கிறது என்று சொன்னதும் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்து எழுதிவிட்டிருக்கிறார். ஒரு தோட்டத்து ஜனம் முழுவதும் கிராணி உட்காரும்வரைக்கும் பிறக்காமல் காத்திருந்திருக்கிறோம். மகாலிங்கம் அண்ணன் அந்தச் சூராவை இரண்டு விரலால் தள்ளி என்னிடமே கொடுத்துவிட்டார்.

அப்போதுதான் எனக்கு அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. நான் ஒரு இடத்தில் உட்காராமல் ஓடினால் அம்மா சொல்லுமே, "இவன் ரயிலு கூவிக்கிட்டுப் போவையில பொறந்தவன், எங்க நிப்பான்?" என்று. ரயில்! புத்தகம் என் கையிலேயே இருக்கிறது! சரோவும் நானும் நாற்பத்தோராம் பக்கத்தைத் திறந்தோம். போர்ட்டிக்சன் வண்டி நம்ம ஸ்டேஷனுக்கு ஒரு நாளைக்கு மூன்று தடவை வரும்: காலை ஏழு ஐந்து, மத்தியானம் பன்னிரண்டு நாற்பது, சாயங்காலம் ஐந்து இருபது. இதில் எது? அதற்கும் அம்மாவே பதில் சொல்லிவைத்திருக்கிறது. "உங்கப்பா பால் வாளியக்கூட எறக்கி வைக்காம ஓடியாந்தாரு" என்று சொல்லும் இல்லையா? ரப்பர் பால் நிறுக்கிற நேரம் மத்தியானம்தானே! பன்னிரண்டு நாற்பது! நான் எழுந்து நின்று கைதட்டிவிட்டேன் அக்கா. சரோவும் தட்டினார், மகாலிங்கம் அண்ணன் மட்டும் தட்டவில்லை.

ஓடினோம் ஜோதிடரிடம். பெயர் தர்மேந்திரன், சின்ன வயது, சேலைக்கடைக்கு மேல் மாடியில் லேப்டாப் வைத்துப் பார்க்கிறார். தட்டினார், பார்த்தார். "துலா லக்னம் அங்கிள். சுத்த ஜாதகம். தோஷம் ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்க" என்று சிரித்தார். எனக்கு உயிரே போய்விட்டது. ஊரில் எல்லாரும் தோஷம் இல்லாமல் இருக்கச் சாமி கும்பிடுவார்கள், நான் ஒருவன்தான் எப்படியாவது ஒரு தோஷம் கொடு தாயே என்று அவர் மேசை முன்னால் கும்பிட்டு நின்றேன். அந்த நேரத்தில் சரோ ஒன்று கேட்டார் பார், மூளை என்றால் அது மூளை. "தம்பி, நீங்கள் எந்த நேரத்தை வைத்துக் கணக்குப் பார்த்தீர்கள்? அந்தக் காலத்து மணி வேற அல்லோ?" என்றார். எண்பத்திரண்டாம் வருஷம் பிறக்கும்போது நாடு முழுக்கக் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்தார்களே, ஞாபகமிருக்கிறதா? அரை மணி நேரத் தூக்கத்தைத் திருடிவிட்டார்கள் என்று நீகூட ஒரு வாரம் புலம்பினாயே! தர்மேந்திரன் தலையில் கைவைத்துக்கொண்டு மறுபடியும் தட்டினார். லக்னம் நகர்ந்தது, நகர்ந்தது, துலாத்தின் கடைசியில் போய் நின்றது. "இன்னும் எட்டு நிமிஷம் கழிச்சுப் பொறந்திருந்தா விருச்சிகம் அங்கிள். அப்போ செவ்வாய் எட்டுல. நல்ல தோஷம்" என்றார். எட்டு நிமிஷம் அக்கா! அம்மா இன்னும் கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் எனக்கு எப்போதோ கல்யாணம் ஆகியிருக்கும்.

சோர்ந்துபோய் வந்து, மகாலிங்கம் அண்ணன் முன்னால் புத்தகத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். அவர் சும்மா புரட்டிக்கொண்டிருந்தவர், பன்னிரண்டு நாற்பதுக்குப் பக்கத்தில் பென்சிலால் '25' என்று எழுதியிருப்பதைப் பார்த்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். நான் அதை ஏதோ பக்க நம்பர் என்று நினைத்திருந்தேன். "இது அப்பா எழுதினது" என்றார். "இந்த வண்டி எத்தனை நிமிஷம் பிந்தி வாறது என்று குறிச்சு வைச்சிருக்கிறார். வழியில தேங்காய் மூட்டை, மீன் கூடை எல்லாம் ஏத்திக்கொண்டு வருமாம்." தாமதம் இருபத்தைந்து நிமிஷம்! மனுஷன் நேர்மையானவர் அக்கா, மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. நான் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தேன், தர்மேந்திரன் கடையைப் பூட்டிக்கொண்டிருந்தவர் திறந்து உட்கார்ந்து தட்டினார். விருச்சிகம்! எட்டில் செவ்வாய்! "எனக்குத் தோஷம் இருக்கு! எனக்குத் தோஷம் இருக்கு!" என்று நான் கத்திக்கொண்டு படியில் இறங்க, சேலைக்கடையில் இருந்த பெண்கள் எல்லாம் ஐயோ பாவம் என்று பார்த்தார்கள். ஒரு அம்மா வெளியே வந்து, "மனச விட்டுறாதீங்க ஐயா, பரிகாரம் இருக்கு" என்று என் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னது. அந்த அம்மாவுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

ஆனால் வங்கிக்காரர் வங்கிக்காரர்தான். "இருபத்தஞ்சு என்கிறது சராசரி" என்றார். "சராசரியை வைச்சு ஜாதகம் எழுத ஏலாது. நீர் பிறந்த அண்டைக்கு எத்தனை நிமிஷம்? மற்றது, அட்டவணையில இருக்கிறது ஸ்டேஷன் நேரம். உம்மட லயம் ஸ்டேஷனிலயோ இருந்தது?" இல்லை, லயம் ஸ்டேஷனுக்கு முன்னாடியே இருந்தது. அப்படியானால் ரயில் லயத்தைத் தாண்டி எத்தனை நிமிஷத்தில் ஸ்டேஷனுக்குப் போயிருக்கும்? அதை அளந்து பார்க்கவேண்டும் என்றார். போன சனிக்கிழமை அவர் காரில் மூன்று பேரும் கெலாடிக்குப் போனோம். ரப்பர் போய்த் தோட்டம் முழுக்க இப்போது எண்ணெய்ச் செம்பனை, லயம் இருந்த இடத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி மட்டும் நிற்கிறது, தண்டவாளம் புதருக்குள்ளே போய்விட்டது. ஆனால் புதரை ஒட்டியே மண் ரோடு போகிறது. மகாலிங்கம் அண்ணன் காரைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி, சரோ கையில் கடிகாரத்தைக் கொடுத்து, "இப்ப இந்தக் கார்தான் ரயில்" என்றார். ரயில் அந்தக் காலத்தில் மணிக்கு இருபத்தைந்து மைல், ஆகவே காரும் நாற்பது கிலோமீட்டரில்தான் போகவேண்டும், கூடவும் கூடாது குறையவும் கூடாது. லயத்தைத் தாண்டும்போது ரயில் கூவும், ஆகவே காரும் ஹார்ன் அடிக்கவேண்டும். நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் குழந்தை பிறக்கிற இடத்தில் நிற்கவேண்டும்.

முதல் தடவை மாடு குறுக்கே வந்துவிட்டது, செல்லாது. இரண்டாம் தடவை வேகம் நாற்பத்திரண்டு போய்விட்டது, செல்லாது. மூன்றாம் தடவை ஹார்ன் சத்தத்தைக் கேட்டுத் தோட்டத்துக் காவல்காரர், வங்காளதேசத்துப் பையன், மோட்டாரில் வந்து வழிமறித்தார். "சாரி அப்பா, பாக்சிக்?" என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார். மகாலிங்கம் அண்ணன் கழுத்துப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு, "கெரெத்தா அப்பி" என்றார், ரயில் என்று. காவல்காரர் செம்பனை மரங்களைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், வாக்கி-டாக்கியை எடுத்தார். சரோ இறங்கிப் போய், பாதி மலாய் பாதி சிரிப்பில், இவருக்குக் கல்யாணம், அதற்கு இவர் பிறந்த நேரம் வேண்டும், அதற்கு ரயில் வேண்டும் என்று விளக்கினார். அந்தப் பையனுக்கு என்ன புரிந்ததோ, கல்யாணம் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. தன் மோட்டாரையே முன்னால் விட்டு, மாடு வராமல் ஓட்டிக்கொண்டு வழிவிட்டார். நான்காம் தடவை எல்லாம் சரியாக நடந்தது. லயத்திலிருந்து ஸ்டேஷன் இருந்த மேட்டுக்கு நான்கு நிமிஷம்! நான் புல்லில் நின்று குதித்தேன், அப்புறம் பார்த்தால் காலில் இரண்டு அட்டை.

இப்போது கணக்கு இதுதான், கவனமாகக் கேள். ரயில் நேரத்துக்கு வந்திருந்தால் நம்ம லயத்தைப் பன்னிரண்டு முப்பத்தாறுக்குத் தாண்டியிருக்கும். எனக்குத் தோஷம் கிடைக்கவேண்டுமானால் பன்னிரண்டு நாற்பத்தெட்டுக்குப் பிறகு பிறந்திருக்கவேண்டும். ஆக, அன்றைக்கு ரயில் பன்னிரண்டு நிமிஷம் தாமதமாக வந்திருந்தால் போதும். "அதுக்குச் சாட்சி வேணும்" என்றார் மகாலிங்கம் அண்ணன். அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள், பிரசவம் பார்த்த ஆயாவும் போய்விட்டது. மிச்சம் இருப்பது அப்போது ஒன்பது வயதில் லயத்து வாசலில் உட்கார்ந்திருந்த நீ. உன்னிடம் ஏது கடிகாரம், அது எனக்கும் தெரியும். ஆனால் தோட்டத்துச் சங்கு பன்னிரண்டரைக்கு ஊதும், சங்கு ஊதினால் நீ சோற்றுத் தட்டோடு உட்கார்ந்துவிடுவாய், இது ஊருக்கே தெரியும். யோசித்துப் பார் அக்கா. அன்றைக்கு ரயில் கூவும்போது நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தாயா, சாப்பிட்டுக் கைகழுவிவிட்டாயா? கைகழுவியிருந்தால் என் கல்யாணம் முடிந்தது, தட்டில் சோறு இருந்திருந்தால் என் வாழ்க்கையும் முடிந்தது. உண்மையைச் சொல். உண்மை பன்னிரண்டு நிமிஷத்துக்குக் குறைவாக இருந்தால், நன்றாக யோசித்து மறுபடியும் ஒரு தடவை உண்மையைச் சொல். நீ சின்ன வயதில் மெல்ல மெல்லத்தான் சாப்பிடுவாய் என்று நான் ஏற்கெனவே அவரிடம் சொல்லிவைத்துவிட்டேன்.

நீயும்தான் எனக்காக எத்தனை வருஷம் அலைந்தாய். ஜாதகம் இல்லாத பையன் என்று இரண்டு இடம் போயிற்று, பஸ் டிரைவர் என்று மூன்று, தலையில் முடி இல்லை என்று ஒன்று. நான் எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டேதான் இருந்தேன், வீட்டுக்கு வந்து யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், வருத்தமாகத்தான் இருந்தது. இந்தப் பெண்ணோடு ரயிலில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக வெறும் செம்பனையைப் பார்த்துக்கொண்டு போனாலே எனக்கு நாள் முழுக்கச் சந்தோஷமாக இருக்கிறது. தை முடிவதற்குள் இது நடக்கவேண்டும் அக்கா. நீ வரும் ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து உன் வாயால் மகாலிங்கம் அண்ணனிடம் சொல்லவேண்டும். ஈப்போவிலிருந்து மின்சார ரயிலில் ஏறினால் நேராகச் சிரம்பான். ஆனால் நான் சொல்வதைக் கேள்: அரை மணி முன்னாலேயே போய் நில், டீ வாங்க இறங்காதே, ஏசி குளிரும், போர்வை கொண்டு வா, காது மெஷினையும் மறக்காதே. நான் பிளாட்பாரத்தில் நிற்பேன்.

உன் மகனுக்கும் மருமகளுக்கும் என் ஆசிகள், கறிவேப்பிலை மரத்துக்கு என் விசாரிப்பு, உனக்கு என் நமஸ்காரம். இந்தக் கடிதத்தை ஒட்டி, உறையின் மேலே விலாசம் இங்கிலீஷில் எழுத சரோவிடம் கொடுக்கப் போகிறேன். அவர் எழுத்து முத்து முத்தாக இருக்கும். பிரித்துப் பார்க்கிற ஆளே இல்லை, அவ்வளவு நாகரிகம்.

இப்படிக்கு,
உன் தோஷமுள்ள தம்பி
ஆறுமுகம்

பி.கு.: மச்சாளுக்கு சரோஜினிதேவியின் வணக்கம். எழுத்து மாறியிருப்பதைப் பார்த்திருப்பீங்கள். பிரித்துப் படித்துவிட்டேன், மன்னிக்கவேணும். அதனால்தான் கடிதம் இரண்டு நாள் பிந்தி வருகிறது. நீங்கள் சோற்றுத் தட்டைப் பற்றி யோசித்துக் கஷ்டப்படவேண்டாம். என்னுடைய ஜாதகமே சரியில்லை. நான் பிறந்தபோது ஸ்டேஷனுக்கு மெயில் ரயில் வந்துகொண்டிருந்ததாம், அப்பா அட்டவணையைப் பார்த்து அதில் இருந்த நேரத்தை எழுதிவிட்டார். தன்னுடைய மெயில் பிந்தியது என்று ஒரு ரயில்வே உத்தியோகத்தர் மகளின் ஜாதகத்தில் எழுதுவாரோ? ஆகவே எனக்குத் தோஷம் இருக்கிறதோ இல்லையோ, அது ஒருவருக்கும் தெரியாது. இது எனக்கு இருபது வயதிலேயே தெரியும், அண்ணா பயப்படுவார் என்று சொல்லாமல் இருந்துவிட்டேன். முட்டாள்தனம்.

நேற்று அண்ணாவுக்கு இந்தக் கடிதம் முழுவதையும் வாசித்துக் காட்டி, ஜாதக விஷயத்தையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, நான் போய்விட்டால் இந்த வீட்டில் தான் ஆரோடு கதைப்பது என்று கேட்டார். முப்பது வருஷத்தில் இதுதான் அவர் சொன்ன முதல் உண்மைக் காரணம். இவர் ரஹாங் வீட்டை விட்டு இங்கே வந்திருக்கட்டும் என்று சொன்னேன். அண்ணா எழும்பிப் போய் நீலக் கோப்பைக் கிழித்துவிட்டு, சாட்சிக் கையெழுத்து எங்கே போடவேணும் என்று கேட்டார். பதினொரு பேர் என் ஜாதகத்தைப் பார்த்து வேண்டாம் என்றார்கள், மச்சாள். எனக்காக ஒரு தோஷத்தைத் தேடித் தெருத் தெருவாக அலைந்த மனுஷர் இவர் ஒருவர்தான்.

காலையில் பதிவு இலாகாவுக்குப் போய்க் கல்யாணப் பதிவுப் பாரம் வாங்கி நிரப்பிவிட்டேன். பிறந்த தேதி கேட்டிருக்கிறார்கள், நேரம் கேட்கவில்லை. திங்கட்கிழமை பத்து மணிக்கு இரண்டு பேரும் போய்க் கையெழுத்துப் போடவேணும். நீங்கள் ஞாயிறே வந்துவிடுங்கோ. இவருக்கு மட்டும் ஒன்றும் சொல்லவேண்டாம், திங்கட்கிழமை தன்னைப் பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.